அவள் எதை எடுத்தாள்?

எட்டாம் வகுப்பில் என்னோடு வடக்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களில் யாருக்காவது அந்தக் கயிறு நினைவிருக்கிறதா? கரும்பலகைக்கு மேலே, ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து மறு ஜன்னல் கம்பிவரை இழுத்துக் கட்டிய தேங்காய்நார்க் கயிறு. அதில் கருவேல முள் குத்தித் துண்டுத் தாள்கள் தொங்கும். காற்று அடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் படபடக்கும். உங்களுக்கு அது வெறும் தாள் சத்தம். எனக்கு அது வயிறு எரிகிற சத்தம்.

இங்கிலீஷ் சார் கும்பகோணம் பக்கத்திலிருந்து அன்னவாசலுக்கு மாற்றலாகி வந்தவர். இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். பள்ளித் தவணைக்கு ஒரு வினைச்சொல்லைப் பலகையில் எழுதுவார். கதைப் புத்தகங்களில் அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதென்று நாம் தேட வேண்டும். வாக்கியத்தைத் தாளில் எழுதி, கீழே புத்தகத்தின் பேரையும் எழுதி, முள்ளில் குத்தித் தொங்கவிட வேண்டும். நாமே கட்டிய வாக்கியம் செல்லாது.

"ஒங்க வாக்கியத்த ஒங்க வீட்டுலயே வெச்சுக்குங்க. எழுதத் தெரிஞ்சவன் அந்தச் சொல்ல என்ன பாடு படுத்தியிருக்கான்னு பாருங்க. ஒரே ஒரு சொல்லோட முழுசாக் குடித்தனம் பண்ணினா, பாஷையே சொந்தமாயிடும்" என்பார்.

அந்தத் தவணைக்கு வந்த சொல் 'டேக்'. எடுத்தல்.

கயிற்றில் முக்கால் பங்கு டாக்டர் மகளுடையது. டிஸ்பென்சரி டாக்டரின் மகள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். தடித்த வெள்ளைத் தாள், ஊதா மை, எறும்பு ஊர்கிற மாதிரி வரிசை தப்பாத எழுத்து. தினம் காலையில் வந்ததும் ஒரு முள்ளை எடுத்துக்கொண்டு பெஞ்சில் ஏறுவாள். அவள் தொங்கவிட்டதையெல்லாம் நான் கழுத்து வலிக்க அண்ணாந்து படித்தேன். ஒரு கிழவர் நாற்காலியை எடுத்துக்கொண்டார், அதாவது உட்கார்ந்தார். ஒரு சீமாட்டிக்கு ஜலதோஷம் வந்தது. அதையும் அவளே எடுத்தாள் என்றுதான் எழுதியிருந்தது. ஒரு விதவை தோட்ட வேலையில் இறங்கினாள், அதற்கும் இந்தச் சொல்தான். சண்டைக் கதையில் ஊரை எடுத்தார்கள். காதல் கதையில் கையை எடுத்தார்கள். கடைசி அத்தியாயங்களில் எல்லோரும் விடை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய பெரிய சொற்கள் எல்லாம் சரிகைத் துணி உடுத்தி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, இது ஒன்று மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனை வீட்டு வேலையையும் பார்த்தது. எனக்கு அந்தச் சொல்லை மிகவும் பிடித்துப்போயிற்று. அது அவள் கையெழுத்தில் தொங்கியதுதான் பொறுக்கவில்லை.

பொறாமைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தவணை முடிவில் பள்ளிகளைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டரம்மா வருவார். நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு டவுன் ஹைஸ்கூல் விடுதியில் இலவச இடம் கொடுப்பார். "கயித்துல யாரு தாள் அதிகமோ, அவதான் அம்மா முன்னால பேசுவா" என்று சார் சொல்லிவிட்டார்.

என் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அப்போது உங்களிடம் நான் சொன்னதில்லை. அய்யாவுக்குக் கைநாட்டு. மானாவாரிக் கடலைக்காடு, ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆத்தாவின் தம்பி, என் தாய்மாமன், எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை, அவருடைய காளைகள் மேலும் இல்லை.

"எட்டு முடியட்டும், தையில வெச்சுக்கலாம்னு தம்பி கேக்குறான்," என்றாள் ஆத்தா.

அய்யா கடலைச் செடியை உதறிக்கொண்டே சொன்னார்: "டவுன்ல சோறு போட்டுப் படிக்கவைக்க நம்மால ஆகாது. சர்க்காரு சோறு போட்டா அனுப்புறேன். இல்லாட்டி அவன் கேக்குறதுல ஞாயம் இருக்குல்ல?"

"அப்ப எனக்கு எடம் கெடச்சா?"

"கெடைக்கட்டும் புள்ள, பாப்போம்." இரக்கப்பட்டுச் சொன்னார். கிடைக்காது என்று அவர் முடிவு செய்துவிட்டது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

ஒருநாள் அய்யாவைத் தேள் கொட்டி, டாக்டர் வீட்டுக்கே அழைத்துப் போனோம். முன்கூடத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி அலமாரி. உள்ளே தங்க எழுத்துப் பொறித்த முதுகுகளோடு புத்தகங்கள், தட்டுத் தட்டாக. டாக்டர் மகள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முறுக்குத் தின்றாள். நாம் சுவரில் சாய்கிற மாதிரி அவள் புத்தகங்களில் சாய்ந்திருந்தாள். அய்யா வலியில் முனகிக்கொண்டிருந்தார். நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்த டாக்டர், "அழாதே, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக்கொடுத்தார்.

எனக்குப் புத்தகம் கிடைத்த இடம் சந்தை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு டவுனில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பங்களா காலியாயிற்றாம். மூட்டை மூட்டையாகப் புத்தகங்களை எடைக்குப் போட்டார்களாம். அதில் இரண்டு மூட்டை, நம் வாரச்சந்தையில் வறுகடலை விற்ற அம்மாளிடம் வந்து சேர்ந்திருந்தது. மேல் ஓரமெல்லாம் கரையான் அரித்த தாள்கள். அந்த ஓரத்தை அரிவாளால் நறுக்கித் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை போடுவாள்.

"இங்கிலீசுக் காயிதந்தான் தோதுப்படும் பாப்பா. நம்ம பேப்பர்ல மை ஒட்டும், சூடு தாங்காது. வெள்ளக்காரன் கெட்டியாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள்.

அவளோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். அவள் வறுக்க, நான் பொட்டலம் சுருட்டுவேன். கூலியாக, எனக்குப் பிடித்த தாள் ஒன்று. சுருட்டுகிற சாக்கில் அத்தனை தாளையும் பார்த்தேன். அகராதி கிடையாது. தெரியாத சொல்லைத் தாண்டிக் குதித்து, 'டேக்' எங்கே என்று மட்டும் தேடினேன். வறுத்த கடலை வாசனையும் மணல் சூடும் சேர்ந்துதான் இன்றைக்கும் எனக்கு இங்கிலீஷ் கதை.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பக்கம். மழை பெய்கிற ஒரு சாயங்காலம், பெரிய வீடு, ஒரு பெண். அவள் விளக்கை எடுக்கிறாள். படிக்கட்டை எடுக்கிறாள், ஏறினாள் என்பதை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மாடியில் யாரும் இல்லை என்கிறான் வேலைக்காரன், அவன் பேச்சை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டியிருந்த அறையைத் திறக்கிறாள். மூச்சு எடுத்துக்கொள்ள ஒரு கணம் நிற்கிறாள். பின்பக்கத்தின் கடைசி வரி: 'அண்ட் ஷீ டுக்'. அவள் எடுத்தாள். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"இதுக்கு அடுத்த காயிதம் எங்கே?" என்று பதறினேன்.

"இம்புட்டு நேரம் வித்ததுல போயிருக்கும். யாரு கண்டா?"

எழுந்து ஓடினேன். சந்தை கலைகிற நேரம். வண்டிச் சக்கரத்தடியில், துணிக்கடைக்குப் பின்னால், மாடு கட்டுகிற இடத்தில் என்று கிடந்த கூம்புகளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன்.

"யாரு மக இது? கடலை பொறுக்குது," என்றார் ஒருவர்.

"பொறுக்கட்டும்யா. பசிக்குதோ என்னமோ," என்றார் இன்னொருவர், தன் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் அள்ளி என் கையில் போட்டு.

மானம் போயிற்று. கடலையைத் தின்றுகொண்டே தேடினேன். புளியமரத்தடியில் ஒரு வெள்ளாடு இங்கிலீஷ் தாள் ஒன்றைப் பாதிக்குமேல் மென்று முடித்திருந்தது. வாயிலிருந்து இழுத்தேன், அது விடவில்லை. அந்தத் தாளாக இருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இன்றுவரை அந்தத் தேறுதல் முழுதாக வரவில்லை.

மறுநாள் அந்தக் கடைசி வரியை, இருந்த மாதிரியே எழுதித் தொங்கவிட்டேன். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"என்னத்த எடுத்தா?"

"தெரியலைங்க சார். பக்கம் முடிஞ்சு போச்சு."

"எந்தப் புத்தகம்?"

"கடலைப் பொட்டலங்க சார்."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. "தலையும் இல்ல, வாலும் இல்ல" என்று சார் தாளைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். கயிற்றில் அந்த முள் மட்டும் காலியாக நின்றது. அன்றிலிருந்து எனக்குக் 'கடலைப் பொட்டலம்' என்று பேர்.

அன்று சிரிக்காத ஒருத்தி டாக்டர் மகள். மத்தியானம் நான் தனியாகச் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து நின்றாள்.

"அந்தப் பக்கத்தக் காட்டுடி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

என் ஒற்றைத் தாளையும் பிடுங்கிக் கயிற்றில் சேர்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டு காட்டினேன். நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலே போனாள். சோறு அவள் கையில் காய்ந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த ரூம்ல தொட்டில் இருந்துச்சு. புள்ளைய எடுத்தா," என்றேன். அந்த நிமிஷம் வாயில் வந்தது அது.

மறுநாளும் வந்தாள். "நேத்து சொன்னது பொய்தானே? பூட்டுன ரூம்ல புள்ளைய யாருடி வைப்பா?"

"ஆமா. அரிவாளத்தான் எடுத்தா."

அதற்கடுத்த நாள் நகை, அப்புறம் ஒரு செத்துப்போனவரின் சட்டை. ஒருநாள் அவள் எதையுமே எடுக்காமல், வந்த வழியையே எடுத்துக்கொண்டு மழையில் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அதை மட்டும் டாக்டர் மகள் பொய் என்று சொல்லவில்லை.

"ஒங்க வீட்டுலதான் அம்புட்டுப் புத்தகம் கெடக்கே. எங்கிட்ட வந்து எதுக்குக் கேக்குற?" என்று ஒருநாள் கடுப்பாகக் கேட்டேன்.

"கெடக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்று பள்ளிக்கூடத்துக்குச் சாணம் தெளித்து, வாசலில் மாவிலை கட்டியிருந்தது. குடையைச் சார் மேஜைமேல் வைத்துவிட்டு, அம்மா கயிற்றின் கீழே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். டாக்டர் மகள் முன்னால் நின்று ஒவ்வொரு வாக்கியமாக ஒப்பித்தாள். வெள்ளைக்காரி மாதிரி உச்சரிப்பு. சார் முகம் மலர்ந்திருந்தது. எனக்குத் தையில் கல்யாணம் என்பது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உறுதியாகிக்கொண்டே வந்தது.

அம்மா ஒரு தாளைத் தொட்டு நிறுத்தினார். "இந்த விதவை தோட்ட வேலையில இறங்கினாளே, ஏன்? அதுக்கு முன்னால அவளுக்கு என்ன ஆச்சு?"

டாக்டர் மகள் அதே வாக்கியத்தை மறுபடி ஒப்பித்தாள்.

"சரி, இவர் நாற்காலியில உட்கார்ந்தாரே, யார் வீட்டு நாற்காலி?"

"தெரியாதுங்க மேடம்."

"படிக்கலையா?"

அவள் சாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா ஒவ்வொரு நாளும் ஒரு வரி சொல்வாங்க, நான் எழுதிக்குவேன். அலமாரிச் சாவி அப்பாகிட்டதான் இருக்கும். கதை படிச்சாப் பொம்பளப் புள்ள கெட்டுப்போகும்பாங்க. நான் எந்தப் புத்தகத்தையும் தொட்டதில்லைங்க."

சார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்தது. ஆமாம், சந்தோஷம்தான். அந்த அலமாரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அவளும் ஒன்றாகவே நின்றிருந்தோம் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்போது அவள் திரும்பி என்னைக் கை காட்டினாள். "மேடம், அவளைக் கேளுங்க. அவகிட்ட ஒரு பக்கம் இருக்கு. அவ படிச்சிருக்கா."

பாவாடை மடிப்பிலிருந்து தாளை எடுத்தேன். எண்ணெய்க் கறை, மடிப்பு, ஒரு மூலையில் கடலைத் தோல். முதலிலிருந்து கடைசி வரிவரை என் அன்னவாசல் இங்கிலீஷில் படித்தேன். ஒரு வரி விடவில்லை. விளக்கு, படிக்கட்டு, வேலைக்காரன், கதவு.

இன்ஸ்பெக்டரம்மா இங்கிலீஷிலேயே கேட்டார்: "வாட் டிட் ஷீ டேக்?"

அரிவாள், பிள்ளை, நகை என்று நான் கட்டிய முடிவெல்லாம் வாய்வரை வந்தன. எதுவும் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை.

"ஐ டோண்ட் நோ, மேடம். ஐ வாண்ட் டு நோ."

அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சாரிடம், "இந்தப் பெண்ணோட அப்பாவை வரச் சொல்லுங்க" என்றார்.

விடுதியில் இடம் எனக்குக் கிடைத்தது. அய்யா சொன்ன சொல் தவறவில்லை. ஆத்தா மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் தகரப் பெட்டி வாங்கிவரச் சொன்னாள். தாய்மாமன்தான் அந்தப் பெட்டியை பஸ் மேல் ஏற்றினார். எங்களுக்கு எழுத்து வாசனை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அய்யா என்னை அனுப்பினார். படித்த டாக்டர், "எட்டு போதும், மிச்சத்த நானே வீட்டுல சொல்லித்தாரேன்" என்று தன் மகளை நிறுத்திக்கொண்டார். வீட்டில் என்ன சொல்லித்தந்தாரோ, இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கல்யாணம்.

என் பொறாமை அதோடு தீர்ந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தீரவில்லை. அவள் புத்தகங்களைப் பார்த்து எரிந்ததைவிட, அந்தக் கை காட்டியதை நினைத்துத்தான் அதிகம் எரிந்தேன். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் காட்டியிருக்க மாட்டேன். எல்லாம் போகிற நேரத்திலும் எடுத்துக் கொடுக்க அவளிடம் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அது எனக்கு இல்லாமல் போனதே என்பது புதுப் பொறாமையாக முளைத்தது.

இப்போது நான் விராலிமலையில் இங்கிலீஷ் டீச்சர். அய்யாவும் ஆத்தாவும் என்னோடுதான். என் வகுப்பிலும் ஒரு கயிறு இருக்கிறது. புத்தகத்தின் பேர் தெரியாவிட்டாலும் தொங்கவிடலாம், ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்பேன். பள்ளி நூலக அலமாரியின் சாவி என் கைப்பையில். அத்தனை புத்தகத்தையும் படித்துவிட்டேன், டவுன் லைப்ரரியிலும் தேடிவிட்டேன். மழை, பெரிய வீடு, விளக்கு ஏந்திய பெண்கள் ஏராளம் கிடைத்தார்கள். என்னுடைய பெண் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வழக்கமாக டவுனுக்குப் போகிற பஸ் அன்னவாசலில் நின்றபோது, ஜன்னலுக்குக் கீழேயிருந்து ஒரு குரல்:

"ஏய், கடலைப் பொட்டலம்!"

இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை. டாக்டர் மகள்.

"டீச்சராமே? கைக்கடிகாரமெல்லாம் பெலமா இருக்கே." அவள் கண் என் மணிக்கட்டிலிருந்து நகரவில்லை. அதை மறைக்க வேண்டும்போலவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும்போலவும் இருந்தது.

"நீ எப்படிடி இங்க?"

"அப்பா பங்குனியில தவறிட்டாங்க. வீட்டப் பாத்துக்க ஆளில்லன்னு நாங்களே வந்துட்டோம்."

"அலமாரி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் பிள்ளை பயப்படுகிற அளவுக்குச் சிரித்தாள். "தெரியும்டி எனக்கு. எங்கப்பாவ விசாரிக்க மாட்ட, அலமாரியத்தான் விசாரிப்ப." முந்தானையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். கருப்புக் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி. "ஒன் பொம்பள மூணாவது தட்டுல இருக்கா. முழுசாப் படிச்சிட்டேன். ஒரு கையில இவனுக்குப் பாலு, ஒரு கையில புத்தகம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "அவ எதை எடுத்தான்னு..."

"தெரியும்."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் பஸ்ஸோடு நாலு அடி நடந்தாள். "சொல்லமாட்டேன்டி! மத்தியானம் மத்தியானம் என்னைய என்ன பாடு படுத்துன! வேணும்னா வந்து படிச்சுக்க. புத்தகம் வீட்டவிட்டு வெளிய போகாது!"

அவள் வீட்டுக்கு, அவள் சாவிக்கு, அவள் திறந்துவிடுகிற வரை கண்ணாடிக்கு முன்னால் மறுபடியும் நின்று காத்திருக்க நானா போவேன்? போகமாட்டேன் என்றுதான் அந்தச் சனிக்கிழமை நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பஸ் அன்னவாசலில் நிற்கும், என் கை பையை எடுக்கும், பிறகு மடியிலேயே வைத்துக்கொள்ளும். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வாரம் முழுக்க வகுப்பில் என்ன பாடம் நடத்தினாலும் இது ஒன்றுதான் உள்ளே ஓடியது.

நேற்று பழைய இடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டருக்கு என்னைப் பழக்கம். கேட்காமலே டிக்கெட் கட்டைப் புரட்டினார்.

"டவுனுக்குத்தானே டீச்சர்?"

"இல்லங்க," என்றேன். "அன்னவாசலுக்குக் குடுங்க."